ஓவனுக்கு இடம், காற்றுக்கு வழி

பேன்ட்ரி அலுமாரி செய்வது என் தொழில். இலங்கை மலைநாட்டில் ஹட்டனைச் சுற்றியுள்ள டிக்கோயா, நோர்வூட், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கங்களில்தான் பெரும்பாலும் வேலை; அழைத்தால் நுவரெலியாவுக்கும் போவேன். நெட்டை அலுமாரிக்குள் ஓவன் பொருத்தும் வேலை என்னைத் தேடி வரத் தொடங்கியது 2022க்குப் பிறகு. அந்த ஆண்டு எரிவாயு சிலிண்டருக்காக மழையிலும் பனியிலும் வரிசையில் நின்றவர்கள் இனி கேஸை மட்டும் நம்பியிருப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதே ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை போனதை நினைவூட்டினால் அவர்களுக்குக் கோபம் வரும். நான் நினைவூட்டுவதில்லை.

வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். டிக்கோயாவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தம் குசினியின் நெட்டை அலுமாரியைத் திறந்து காட்டி, "தம்பி, நடுத்தட்டு இரண்டையும் கழற்றிவிட்டால் ஓவன் உள்ளே போய்விடும்தானே?" என்று கேட்டார்.

"போய்விடும் டீச்சர். போன பிறகுதான் வேலையே இருக்கிறது" என்றேன்.

உள்ளே போன ஓவனுக்குக் காற்றோட்டம் வேண்டும். நாற்பது கிலோ வரை எடையுள்ள அது சாயாமல் நிற்க வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் அதைச் சுற்றியுள்ள பலகை ஊதக்கூடாது. அதை இயக்கினால் வீட்டின் மற்ற விளக்குகள் அணையக்கூடாது. அளவெடுத்து வெட்டுவது இவற்றில் மிகச் சிறிய பங்கு. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடையில் 60 சென்ரிமீற்றர் என்று சொல்லும் ஓவனின் முகப்பு ஏறக்குறைய 595 மில்லிமீற்றர் அகலமும் அதே அளவு உயரமும் கொண்டது. முகப்புக்குப் பின்னால் இருக்கும் உடல் அதைவிட ஒடுங்கியது. அந்த உடல் நுழையப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்கும் உள்ளகலம் 560 முதல் 568 மில்லிமீற்றர் வரை. உயரம் 585 முதல் 600 வரை மாதிரிக்கு மாதிரி மாறும். ஆழம் குறைந்தது 550. ஓவனோடு வரும் கையேட்டில் இதைப் படம் போட்டே கொடுத்திருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்க்காமல் நான் வாளைத் தொடுவதில்லை. "ஓவன் அடுத்த கிழமை கொழும்பிலிருந்து வரும், நீங்கள் அலுமாரியை வெட்டி வையுங்கள்" என்பவர்களிடம், முதலில் ஓவன் வரட்டும் என்றுதான் சொல்வேன்.

நம் ஊர்த் தச்சு வேலைக்கும் ஓவன் தொழிற்சாலைக்கும் கணக்கு ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. அவர்கள் மில்லிமீற்றரில் வேலை செய்கிறார்கள். நாங்கள் அடி, அங்குலம், நூலில்; எட்டு நூல் ஓர் அங்குலம். அவர்கள் கணக்கில் அலுமாரியின் வெளியகலம் 600, பக்கப்பலகை 18 மில்லிமீற்றர் பிளைவுட். கழித்தால் உள்ளே 564, கச்சிதம். எங்கள் கணக்கில் வெளியகலம் இரண்டு அடி, அதாவது 609.6. பக்கப்பலகை ஓர் அங்குல மரம். இருபக்கமும் முழு அங்குலம் என்றால் உள்ளே மிஞ்சுவது 558.8, கேட்டதற்கு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் குறைகிறது. ஓவன் பாதி வழியில் நின்றுவிட அது போதும். ஆனால் ஆலையில் ஓர் அங்குலமாக அறுத்த பலகை, சீவி முடித்தால் பெரும்பாலும் ஏழு நூல்தான் இருக்கும். அப்படியென்றால் உள்ளே 565 கிடைக்கும். ஆகவே அலுமாரி செய்தவர் வாயால் சொன்ன அளவை விட்டுவிட்டு, உள்ளே அளவு நாடாவைப் பிடித்துப் பாருங்கள். மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில். ஒவ்வோரிடத்திலும் முன்னாலும் பின்னாலும். இவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் அளவு.

டீச்சர் வீட்டு அலுமாரி பழைய மகோகனி வேலை. வாயில் 566 இருந்தது. நடுவில், பின்புறமாகக் கையை விட்டு அளந்தபோது 561தான். அகலப் பலகை காலப்போக்கில் உட்புறமாக வளைந்திருந்தது. ஈரமும் வெயிலும் மாறி மாறி வரும் ஊரில் முழு மரப் பலகைக்கு இது இயல்பு. வெளிப்பக்கமாக ஒரு குறுக்குச் சட்டம் வைத்து உள்ளிருந்து திருகாணியால் இழுத்ததும் நேரானது. அடுத்த பக்கத்தில் சுவரும் இன்னோர் அலுமாரியும் நெருங்கி இருந்திருந்தால் அந்த வசதி கிடைத்திருக்காது. சீவுளியைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

பழைய பங்களாக்களில் இன்னொரு தடை இருக்கிறது. அலுமாரியின் வாயைச் சுற்றி இரண்டு அங்குலச் சட்டம் அடித்து, அதற்குள் கதவு உட்காரும்படி செய்திருப்பார்கள். உள்ளே எவ்வளவு இடம் இருந்தாலும் வாய் ஒடுக்கமாக இருக்கும். சட்டத்தை ஓவன் வரும் உயரத்துக்கு மட்டும் அறுத்தெடுக்கலாம். ஆனால் அந்தச் சட்டம்தான் அலுமாரியை முன்னால் பிடித்து வைத்திருக்கிறது. அறுத்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் அசையாத தட்டுகளைப் போட்ட பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

உயரத்தைப் பற்றி வீட்டில் சமைப்பவரிடம் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. அலுமாரியில் உயர்த்திப் பொருத்துவதன் பயனே குனியாமல் தட்டை எடுப்பதுதான். ஆனால் அளவுக்கு மீறி உயர்த்தினால் கொதிக்கும் தட்டு முகத்துக்கு நேரே வரும். நான் சமைப்பவரை அலுமாரிக்கு முன் நிற்கவைத்து முழங்கையை மடக்கச் சொல்வேன். திறந்த கதவு கிடக்கும் மட்டம் அந்த முழங்கைக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். மேல் அடுக்கு தோளைத் தாண்டக் கூடாது. டீச்சர் குள்ளம். கையேட்டுப் படத்தில் இருந்த உயரத்தைவிட அரை அடி கீழே இறக்கினோம். மகளுக்கு அது பிடிக்கவில்லை. வரிசையில் இருக்கும் மற்ற அலுமாரிகளின் கோடு உடைகிறதாம். "கோட்டை வைத்துக்கொண்டு கேக் எடுக்க முடியாது" என்று டீச்சரே தீர்த்துவைத்தார்.

கதவு கீழ்நோக்கித் திறக்கும்போது ஏறக்குறைய ஒன்றரை அடி வெளியே நீட்டும் என்பதையும் பாருங்கள். ஒடுங்கிய குசினியில் அது வழியை அடைத்துவிடும். பக்கத்திலேயே சூடான தட்டை இறக்கிவைக்க ஓர் அடிக்கு மேல் மேசைப்பலகை வேண்டும். அது இல்லாத மூலையில் ஓவன் வைக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுகிறேன்.

இனி ஓவனைச் சுமக்கும் தட்டு. அலுமாரியில் ஏற்கெனவே இருக்கும் தட்டுகள் சின்னச் சின்ன முளைகளில் உட்கார்ந்திருக்கும். சீனிப் போத்தலுக்கு அது போதும். ஓவன் முப்பது முதல் நாற்பது கிலோ; அதற்குள் தட்டுகள், கறி, கேக் எல்லாம் ஏறும். 18 மில்லிமீற்றர் பிளைவுட்டை எடுத்து, அதன் முன்விளிம்புக்குக் கீழே ஒரு சட்டம் கொடுத்து, இரு பக்கத்திலும் இரண்டங்குலச் சட்டங்களைப் பசையும் திருகாணியும் போட்டு இறுக்கி, அவற்றின்மேல் இருத்துகிறேன். ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் கடைசித் திருகாணி. பழைய வீடுகளின் சிமெந்துத் தரை தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் சரிந்திருக்கும். அலுமாரியையே முதலில் ஆப்பு வைத்து மட்டம் செய்யாவிட்டால் தட்டு மட்டமாக இருந்தும் பயனில்லை. ஓவன் சாய்ந்தால் கேக் மாவும் சாய்ந்துதான் வேகும்.

வேலையின் வரிசை முக்கியம். ஓவனுக்குப் பின்னால் வரும் பின்பலகையை வெட்டி எடுக்க வேண்டும். காரணம் அடுத்துச் சொல்கிறேன். ஆனால் நெட்டை அலுமாரியைச் சதுரமாக வைத்திருப்பது அந்த மெல்லிய பின்பலகைதான். அதை முதலில் வெட்டிவிட்டால் அலுமாரி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். நேராக இருந்த வாய் சாய்சதுரமாகிவிடும். எனவே கீழ்த்தட்டையும் மேல்தட்டையும் பக்கங்களோடு இறுக்கிய பிறகு, மூலைக்கு மூலை இரண்டு திசையிலும் அளந்து இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு, வாளை எடுங்கள்.

சுவரோடு பிணைப்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும். ஓவன் கதவைத் திறந்து அதன்மேல் கனத்த சட்டியை வைத்தால் அலுமாரி முழுவதும் முன்னே சாயப் பார்க்கும். சின்னப் பிள்ளைகள் திறந்த கதவில் தொங்கவும் கூடும். புதுச் சுவரென்றால் சிக்கல் இல்லை. தோட்டத்துப் பழைய கட்டடங்களின் கருங்கல் சுவரில்தான் கவனம் வேண்டும். கல்லுக்கு இடையில் இருக்கும் பழைய சாந்து, துளைக்கும்போதே தூளாகக் கொட்டும். அதில் அடித்த பிளாஸ்டிக் முளை நிற்காது. கல்லின் நடுவைத் தேடித் துளைக்க வேண்டும். தேடிய கல் நமக்கு வேண்டிய இடத்தில் இருப்பதில்லை என்பதால், முதலில் சுவரில் நீளமான ஒரு மரச்சட்டத்தைக் கல் கிடைத்த இடங்களிலெல்லாம் இறுக்கிவிட்டு, அலுமாரியை அந்தச் சட்டத்தோடு பிணைக்கிறேன். சட்டத்தின் தடிப்பு இன்னொரு நன்மையும் செய்கிறது: அலுமாரிக்கும் ஈரச் சுவருக்கும் இடையில் ஓர் அங்குல வெளி தானாகவே கிடைத்துவிடுகிறது.

இப்போது காற்று. பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஓவனுக்குள்ளே 200, 250 பாகை செல்சியஸ் இருக்கும்போது அதன் வெளித்தகடும் சூடேறும். அந்தச் சூடு அலுமாரிக்குள் அடைபட்டால் முதலில் பலகை விளிம்புகளில் ஒட்டிய நாடா உரியும், பிறகு பசை விடும். உள்ளிருக்கும் மின்னணுப் பலகையின் ஆயுளும் குறையும். சூடான காற்று மேலே ஏறும் இயல்புடையது. அதற்கு வழி விட்டுவிட்டால் அதுவே குளிர்ந்த காற்றைக் கீழிருந்து இழுத்துக்கொள்ளும். அலுமாரியின் பின்புறத்தை ஒரு புகைபோக்கிபோல எண்ணிக்கொண்டு வேலை செய்ய வேண்டும்: அடிப்பலகையில் நுழைவாய், ஓவனுக்குப் பின்னால் தடையில்லாத குழாய், அலுமாரியின் உச்சியில் வெளிவாய்.

நடைமுறையில் அது இப்படி அமையும். ஓவனைத் தாங்கும் தட்டு சுவர்வரை போகாமல் பின்னால் 40 முதல் 50 மில்லிமீற்றர் முன்பாகவே நின்றுவிட வேண்டும். மேலே இருக்கும் தட்டும் அப்படியே. ஓவன் நிற்கும் உயரத்தில் பின்பலகை இருக்கக் கூடாது. தரையோடு இருக்கும் அடிப்பலகையில் வெட்டும் நுழைவாய்க்குப் பல கையேடுகள் 200 சதுர சென்ரிமீற்றர் கேட்கின்றன. அலுமாரியின் முழு அகலத்துக்கும் ஒன்றரை அங்குலப் பிளவு விட்டால் அது கிடைத்துவிடும். உச்சிப் பலகையிலும் பின்பக்கம் அதே அளவு திறப்பு வேண்டும். அலுமாரியைக் கூரைத்தட்டுவரை உயர்த்தி, மேலே பலகை வைத்து அடைத்து "நேர்த்தியாக" முடித்திருந்தால், அந்தப் பலகையில் ஒரு கிரில் போட்டே ஆக வேண்டும். நுவரெலியாவில் ஒரு தங்குமிடத்தில் அப்படி அடைத்த அலுமாரியைப் பார்த்தேன். எல்லாம் பார்வைக்கு அழகு. மேல் அடுக்கில் வைத்திருந்த பால்மா கட்டிபட்டிருந்தது. கதவின் உட்பக்க வெள்ளைத் தாள் பழுப்பேறியிருந்தது. ஓவனில் எந்தக் குறையும் இல்லை. உச்சிப் பலகையைக் கழற்றி ஒரு நீள்துளை வெட்டியதோடு அந்த முறைப்பாடு தீர்ந்தது.

முன்பக்கத்திலும் ஒரு வழி உண்டு. ஓவனின் குளிர்விப்பு விசிறி கதவுக்கும் பொத்தான்கள் உள்ள பகுதிக்கும் நடுவே சூடான காற்றை வெளியே தள்ளும். ஆகவே முகப்புக்கும் மேலே உள்ள கதவுக்கும் இடையில் கையேடு கேட்கும் சில மில்லிமீற்றர் இடைவெளியை அப்படியே விடுங்கள். கரப்பான் வருமே என்று அந்த இடைவெளியில் சிலிக்கோன் பூசிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானே அதைக் கத்தியால் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

கரப்பானும் எலியும் உண்மையான பிரச்சினைதான். அதை மறைக்கத் தேவையில்லை. குளிர்ந்த ஊரில் இரவு முழுவதும் இளஞ்சூடாக இருக்கும் பொந்தை எந்த எலி விடும்? அது வயரைக் கடிக்கும். அடிப்பலகை நுழைவாயிலும் உச்சித் திறப்பிலும் துருப்பிடிக்காத கம்பிவலை அடித்துவிடுகிறேன். வலைக்கண் கால் அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். கம்பி ஒரு பங்கு இடத்தை அடைப்பதால், வலை போடுவதாக இருந்தால் நுழைவாயை இரட்டிப்பாக வெட்டுங்கள்.

அடுத்தது ஈரம். கொழும்பில் எழுதிய அறிவுரைகள் இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுதான் காரணம். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாவின் மேற்குச் சரிவுகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு ஆண்டுக் கடைசியில் வடகீழ்ப் பருவமழை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவுதான். குளிர்ந்த கல்சுவருக்கு முன்னால் ஓர் ஓவனை இயக்கினால், கறியிலிருந்தும் கேக்கிலிருந்தும் வெளிவரும் நீராவி அந்தச் சுவரில் போய்த் துளியாகும். துளி வழிந்து தட்டின் பின்விளிம்பில் இறங்கும். வெட்டிய விளிம்பைப் பூசாமல் விட்டிருந்தால் அங்கேதான் ஊதத் தொடங்கும்.

எனவே பலகைத் தேர்வில் நான் கண்டிப்பு. மரநாரையும் மரச்சீவலையும் அழுத்திச் செய்த சாதாரண எம்டிஎப், சிப்போர்ட் இரண்டையும் ஓவன் இருக்கும் அலுமாரிக்குத் தொடுவதில்லை. மலிவுதான்; ஒருமுறை நீர் குடித்தால் திரும்பாது. மரைன் பிளைவுட் சிறந்தது. அது கைக்கு எட்டாவிட்டால், பச்சை நிற நடுப்பகுதியுள்ள ஈரம் தாங்கும் எம்டிஎப். முழு மரமென்றால் மகோகனி, தேக்கு. தோட்டத்து நிழல்மரமான கிரேவிலியாவும் நன்றாக உலர்ந்திருந்தால் சட்டங்களுக்கு நல்லது. அல்பீசியா மென்மையான மரம். ஓவனைப் பிடிக்கும் திருகாணிக்கு அது உறுதி தராது. எந்தப் பலகையானாலும் வெட்டிய ஒவ்வொரு விளிம்புக்கும், கண்ணுக்குத் தெரியாத பின்விளிம்புக்கும், வார்னிஷ் இரண்டு பூச்சு. ஓவனுக்கு இருபுறமும் வரும் முன்விளிம்புகளில் சூட்டில் உருகும் பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் நாடாவை நான் போடுவதில்லை. மெல்லிய மரத்தகட்டை (வினியர்) சாதாரண மரப்பசையில் ஒட்டாமல், சூடு தாங்கும் பசையில் ஒட்டிச் சீவிவிடுகிறேன். ஓவனைச் சுற்றிய பலகையும் பசையும் 90 பாகை செல்சியஸ் தாங்க வேண்டும் என்று பல கையேடுகள் கேட்கின்றன.

மின்சார வேலை என்னுடையதல்ல. உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனை அழைத்து வருவேன். ஆனால் அவர் வரும் முன்பே அலுமாரியில் அவருக்கு இடம் விட வேண்டியவன் நான் என்பதால் சில கணக்குகள் தெரிந்திருக்கின்றன. ஓவனின் தகட்டில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். 3,000 வாட் என்றால் 13 அம்பியர். 3,500 வாட் என்றால் 15க்கு மேல். இப்போதைய சதுர முள் பிளக் 13 அம்பியருக்கானது. 3,500 வாட் ஓவனை அதில் செருகுவது பொருந்தாது. மெயின் பெட்டியிலிருந்து அதற்கெனத் தனி வயர், தனி பிரேக்கர், தனிச் சுவிட்ச் வேண்டும். பழைய வீடுகளில் இருக்கும் 5 அம்பியர் உருண்டை முள் பொயின்ட்டிலிருந்து வயர் நீட்டி ஓவனுக்குக் கொடுப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

வீட்டு இணைப்புகள் பெரும்பாலும் 30 அம்பியர். மலைநாட்டில் குளிப்பதற்குச் சுடுநீர் வேண்டும். 3,500 வாட் ஷவர் ஹீட்டர் ஒன்று 15 அம்பியர் இழுக்கும். ஓவனும் 15. காலையில் ஒருவர் குளிக்க, ஒருவர் பாண் வேகவைக்க, மூன்றாமவர் கேத்தலைப் போட்டால் மெயின் விழுந்துவிடும். டீச்சர் வீட்டில் ஷவர் ஹீட்டர் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் போடுவதில்லை என்று வீட்டில் ஒரு விதி செய்துகொண்டார்கள். கேக் நாளில் பேரப்பிள்ளைகளுக்குக் குளிப்பு மத்தியானத்தில்.

தோட்டப் பகுதிகளில், டிரான்ஸ்போமரிலிருந்து தொலைவில் இருக்கும் வீடுகளில், மாலை வேளையில் அழுத்தம் இறங்கிவிடும். 230க்குப் பதிலாக 200 வோல்ட் வந்தால் ஓவனின் சூடு அதே விகிதத்தில் மட்டும் குறைவதில்லை. வர்க்க விகிதத்தில் குறையும், ஏறக்குறைய முக்கால் பங்காகிவிடும். ஓவன் சூடேற நேரமாகிறது என்று முறையிடும் சிலரிடம் நான் முதலில் கேட்பது, "பிற்பகலில் போட்டுப் பார்த்தீர்களா?" என்றுதான்.

அலுமாரியில் பொயின்ட் எங்கே வர வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஓவனுக்கு நேர் பின்னால் வரக்கூடாது. ஆழம் 550தான், பிளக் தலை அதில் இரண்டு அங்குலம் தின்றால் ஓவன் முன்னே துருத்தி நிற்கும். சூடும் பிளக்கில் ஏறும். கீழ் அடுக்கிலோ பக்கத்து அலுமாரியிலோ வைத்து, கதவைத் திறந்தால் கை எட்டும் இடத்தில் சுவிட்ச் இருக்க வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மின்னல் இந்த மலைகளில் வழக்கம். வானம் கறுத்தால் தொலைக்காட்சியின் வயரைக் கழற்றும் நாம் ஓவனை மறந்துவிடுகிறோம். அதன் மணிக்கூட்டுப் பலகைக்கும் மின்னல் ஆகாது.

புது ஓவனைப் போட்டவுடனேயே ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் உடனே பழுது என்று எண்ண வேண்டாம். சூடேற்றும் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஒக்சைட் தூள் அடைத்திருப்பார்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. மாதக்கணக்கில் ஈரமான களஞ்சியத்தில் கிடந்த ஓவன், மழைநாளில் லொறியில் ஏறி வந்தால், அந்த ஈரத்தின் வழியாகச் சிறிது மின்சாரம் கசியும். ட்ரிப் சுவிட்ச் அதைக் கண்டுபிடித்து விழுகிறது. அதன் வேலையே அதுதான். தலவாக்கலையில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் அக்கா ஒருவரின் ஓவன் இப்படித்தான் செய்தது. எலெக்ட்ரீஷியன் கருவி வைத்து, மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்புத்தடையைப் பார்த்தார், குறைவு. ஓவனை வெளியே எடுத்து, கதவைத் திறந்து, உலர்ந்த அறையில் ஹீட்டருக்குச் சற்றுத் தள்ளி வைத்தோம். மறுபடி அளந்தபோது தடை ஏறியிருந்தது, பிறகு விழவில்லை. உலர்த்திய பிறகும் ஏறாவிட்டால் விற்ற கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். "ட்ரிப் சுவிட்சை ஒதுக்கி நேரே கொடுத்துப் பார்ப்போம்" என்று எவர் சொன்னாலும் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஓவனை ஏற்றும் நாளில் இரண்டு பேர் வேண்டும். கதவைக் கழற்றிவிட்டுத் தூக்கினால் எடை கணிசமாகக் குறையும். கழற்றும் முறை கையேட்டில் இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பாதி உள்ளே போனதும் வயரைக் கொடுத்து, ஒருவர் பின்வழியாக அதை இழுத்துக்கொண்டே இருக்க, மற்றவர் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் வயர் சுருண்டு ஓவனின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கதவின் இருபுறமும் உள்ள துளைகள் வழியாக அலுமாரியின் பக்க விளிம்பில் திருகாணி ஏறும். முன்பே மெல்லிய துளை போட்டுக்கொள்ளுங்கள். பிளைவுட்டின் விளிம்பு பிளக்கும். இந்தத் திருகாணிகள் ஓவன் முன்னே சரியாமல் பிடிப்பதற்கு மட்டும். எடையைச் சுமப்பது தட்டு.

பழைய நெடுங்கதவை இரண்டாக வெட்டி மேலும் கீழும் போட முடியுமா என்று கேட்பார்கள். தட்டையான பிளைவுட் கதவென்றால் முடியும். சட்டமும் நடுப்பலகையும் சேர்த்துச் செய்த கதவை வெட்டினால் சட்டம் இல்லாத ஒரு பக்கம் வந்துவிடும். புதிதாகச் செய்வதே மேல். டீச்சருக்குப் புதுக் கதவுகள்தான் செய்தேன். பழைய மகோகனிப் பலகையிலிருந்து தாங்கு சட்டங்களை எடுத்துக்கொண்டதால் செலவு அவ்வளவாக ஏறவில்லை.

முதல் சமையலுக்கு முன் ஓவனை வெறுமையாக, கையேடு சொல்லும் அதிக சூட்டில், அது சொல்லும் நேரம் ஓடவிட வேண்டும். தொழிற்சாலை எண்ணெய் எரியும் நாற்றம் வரும். மழையென்றாலும் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். அந்த நேரத்தில் நான் வீட்டைவிட்டுப் போவதில்லை. பக்கப்பலகைகளையும் மேல் அடுக்கின் தரையையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பேன். கை வைத்திருக்க முடிந்தால் சரி. கை பொறுக்காமல் இழுத்துக்கொண்டால் எங்கோ காற்று அடைபட்டிருக்கிறது. ஓவனை நிறுத்தி ஆறவிட்டு, அடிப்பலகையிலிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒருமுறை அடைத்திருந்தது வீட்டுக்காரர் நுழைவாய்க்கு முன்னால் உருட்டி வைத்திருந்த தரைவிரிப்பு.

டீச்சர் ஓவனுக்கு மேல் அடுக்கில் கருவாட்டுப் பெட்டியை வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கருவாடு மட்டுமல்ல, மிளகாய்த்தூள், தேயிலை, எண்ணெய், மருந்து எதுவும் அங்கே வேண்டாம். கேக் தட்டுகள், பாத்திரங்கள் வைக்கலாம். ஆனால் அவற்றையும் பின்சுவரோடு ஒட்டத் தள்ளாமல் இருக்க, தட்டின் பின்விளிம்பில் ஒரு சின்ன மரக்கட்டை அடித்துக் கொடுத்தேன். பெரிய தட்டு வந்து காற்று வழியை மூடிவிடக்கூடாது அல்லவா.

ஆண்டுக்கொரு முறை, பருவமழை முடிந்த கையோடு, சுவிட்சை அணைத்து அடிப்பலகையைக் கழற்றி வலையில் படிந்த தூசியைத் தட்டுங்கள். பக்கத் திருகாணிகளைக் கையால் இறுக்கிப் பாருங்கள். தட்டின் பின்விளிம்பை ஒரு டோர்ச் லைட்டில் பாருங்கள். வார்னிஷ் வெளுத்திருந்தால் அந்த இடத்தில் ஈரம் இறங்குகிறது. உலரவிட்டு மறுபடி ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள்.